பசை போட்ட காலில் பத்தாம் நாள் அரிப்பு

வெரிகோஸ் வெயினுக்குப் பசை வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்கள் முதல் வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்கள். முழு மயக்கம் இல்லை, தையல் இல்லை, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகூடப் பலருக்கு இல்லை. காலையில் போனோம், மதியம் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்கள். அப்புறம் ஒன்பதாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ உள்தொடையில் நமநமவென்று அரிக்க ஆரம்பிக்கும். பார்த்தால் மேலிருந்து கீழாக ஒரு பட்டை போலத் தோல் சிவந்து, லேசாகத் தடித்து, தொட்டால் சூடாக இருக்கும்.

உடனே ஆளுக்கொரு யோசனை வரும். சீழ் பிடித்துவிட்டது என்பார் ஒருவர். ரத்தம் கட்டிக்கொண்டது என்பார் இன்னொருவர். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடச் சொல்பவரும், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்பவரும் கட்டாயம் இருப்பார்கள். பல சமயம் இவர்கள் யார் சொல்வதும் சரியாக இருக்காது. பசையை உடம்பு அந்நியமாகப் பார்த்துச் சண்டைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க முதலில் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்: எந்த நாளில் வந்தது, எந்த இடத்தில் வந்தது.

அதற்கு முன்னால், காலுக்குள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

நரம்பு இல்லை, சிரை

வெரிகோஸ் வெயினை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்றுதான் நம்மூரில் சொல்கிறோம். சுருட்டிக்கொள்வது நரம்பு இல்லை. காலிலிருந்து கெட்ட ரத்தத்தை இதயத்துக்கு மேலே கொண்டுபோகும் ரத்தக்குழாய், அதாவது சிரை. மேலே ஏறிய ரத்தம் திரும்பக் கீழே இறங்காமலிருக்க அதற்குள் சின்னச் சின்னக் கதவுகள் போல வால்வுகள் இருக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் விரிந்து, வளைந்து நெளிந்து தோலுக்கு வெளியே தெரிகிறது. பெரும்பாலும் பழுதாவது கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை போகும் நீளமான சிரை. மருத்துவர்கள் அதைச் சஃபீனஸ் என்பார்கள்.

பழுதான சிரையை மூடிவிட்டால் ரத்தத்துக்கு வழி வேண்டாமா என்று கேட்பீர்கள். காலின் ரத்தத்தில் மிகப் பெரும்பங்கை ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் சிரைகள்தான் சுமக்கின்றன. மேலே இருக்கும் ஒன்றை அடைத்தால் அவை சமாளித்துக்கொள்ளும். முன்பெல்லாம் அந்தச் சிரையை அறுவை சிகிச்சை செய்து உருவி எடுத்தார்கள். பிறகு லேசராலும் ரேடியோ அலையாலும் உள்ளேயே சுட்டு மூடும் முறைகள் வந்தன. சுடுவதென்றால் சுற்றியிருக்கும் சதைக்குச் சூடு பரவக் கூடாது, அதனால் கால் நெடுக நிறைய இடங்களில் ஊசி குத்தி மரத்துப்போகும் மருந்துநீரை ஏற்ற வேண்டும். பசை முறையில் அந்த ஊசிகள் கிடையாது. உள்ளே குழாய் நுழைக்கும் ஓரிடத்தில் மட்டும் மரக்க வைத்தால் போதும். இந்த முறைக்கு மவுசு வந்ததே இதனால்தான்.

மனிதருக்கு இது முதன்முதலில் செய்யப்பட்டது 2010 டிசம்பரில், டொமினிக்கன் குடியரசில். 'வீனாசீல்' என்ற பெயரில் அந்தப் பசை முறைக்கு 2015-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. செய்முறையும் எளிமையானது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயைச் சிரைக்குள் தொடை வரை ஏற்றுகிறார்கள். ஆழச்சிரையோடு சேரும் இடத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிட்டு, அங்கே ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிலிட்டர், அதாவது இரண்டு சொட்டு அளவுக்குப் பசையை விடுகிறார்கள். மேலேயிருந்து மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார்கள். பிறகு குழாயை 3 சென்டிமீட்டர் இழுப்பது, மறுபடி இரண்டு சொட்டு, அரை நிமிடம் அழுத்துவது. இப்படியே கீழ்வரை. ஒரு காலுக்கு மொத்தமாகப் போகும் பசை அரைத் தேக்கரண்டிகூட வராது.

ஃபெவிக்விக்குக்கு உறவுக்காரர்

அந்தப் பசையின் குடும்பப் பெயர் சயனோஅக்ரிலேட். வீட்டில் அறுந்த செருப்பையும் உடைந்த பொம்மையையும் ஒட்டும் ஃபெவிக்விக் அதே குடும்பம்தான். அதற்காக அதையேவா காலுக்குள் விடுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். கடைப் பசை எத்தில் வகை, சிரைக்குள் விடுவது பியூட்டில் வகை. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. எத்திலைவிடப் பியூட்டில் மெதுவாகச் சிதைவதால் உடம்புக்கு அது அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. இன்னொரு உறவான ஆக்டைல் வகையை, தையலுக்குப் பதிலாகத் தோல் காயத்தை ஒட்ட 1998 முதல் அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்த கதையே ஒட்டிக்கொண்ட கதைதான். 1942-ல் கோடாக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பொருள் தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் தூக்கிப் போட்டுவிட்டார். 1951-ல் அவருடைய குழுவில் இருந்த ஃபிரெட் ஜாய்னர், விலையுயர்ந்த ஒரு கருவியின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவே இதைத் தடவ, அவை பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் கூவருக்கு இதன் மதிப்பு உறைத்தது. 1958-ல் பசையாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில், காயத்தில் பெருகும் ரத்தத்தை நிறுத்த இதைத் தெளித்துப் பார்த்தார்கள்.

நமக்கு இங்கே முக்கியமான விஷயம், இந்தப் பசை காய்வதால் கெட்டியாவதில்லை. ஈரம் பட்டவுடன் கெட்டியாகிறது. விரலில் பட்டால் உடனே பிடித்துக்கொள்வது அதனால்தான். ரத்தத்தில் பட்டாலும் அதேதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு சிரைச் சுவரோடு ஒட்டிவிடுகின்றன. ஒட்டிய இடத்தில் சுவர் கொஞ்சம் புண்பட்டு, தழும்பாக ஆறி, சிரை நிரந்தரமாக மூடுகிறது. ஆக, ஓரளவு அழற்சி இந்தச் சிகிச்சையின் வேலையிலேயே ஒரு பகுதி. அது அளவு மீறும்போதுதான் தோலில் தெரிகிறது.

கவரிங் கம்மலும் சேராங்கொட்டையும்

சிலருக்குக் கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும். கம்மலில் இருக்கும் நிக்கல்தான் காரணம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், போட்ட உடனே எதுவும் ஆகாது, ஓரிரு நாள் கழித்துத்தான் அரிக்கும் என்பார்கள். சலவைக்காரர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேராங்கொட்டை மை, சிலருக்குக் கழுத்துப் பக்கம் கொப்புளித்ததும் இதே வகை. இறால் சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்குவது வேறு வகை. அது உடனடி ஒவ்வாமை, இது தாமத ஒவ்வாமை. காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் மான்டூ ஊசி போட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறார்களே, அதுவும் இந்தத் தாமதத்துக்காகத்தான்.

தாமதம் எதற்கு? இதில் வேலை செய்வது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒரு படையைப் பெருக்கி அனுப்ப அவற்றுக்கு ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகும். பசை மூலக்கூறுகளோ, பசை சிதையும்போது வெளிவரும் துளியளவு ஃபார்மால்டிஹைடு போன்றவையோ உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அந்நியனாகத் தெரிகின்றன என்பதுதான் பொதுவான விளக்கம். படை திரண்டு வந்து சேரும் நாள்தான் உங்கள் ஒன்பதாம் நாள், பன்னிரண்டாம் நாள். ஏற்கெனவே இந்தப் பசையோடு பழகி ஒவ்வாமை வந்தவர்களுக்குப் படை தயாராகவே இருக்கும், அவர்களுக்குச் சீக்கிரமே வரலாம்.

நாள் இப்படிப் புரிகிறது. இடம்? பசை எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில்தான் சிவப்பு வரும். சஃபீனஸ் சிரை தொடையில் ஒரு ஜவ்வு உறைக்குள் பத்திரமாக ஓடும். சிலருக்கு அது பாதியிலேயே உறையை விட்டு வெளியே வந்து தோலுக்கு நேர் கீழே ஓடும். ஒல்லியான உடம்பு என்றால் இடையில் கொழுப்பும் குறைவு. பசை தோலுக்கு அருகில் இருந்தால் அழற்சி வெளியே தெரிவதும் அதிகம். சிரை மேலாக ஓடும் இடங்களில் இந்தத் தொல்லை கூடுதல் என்று கொரிய மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 286 பேரைக் கவனித்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வாமை என்று கணக்கில் வந்தவர்கள் சுமார் 6 சதவீதம். அதிலும் பெரும்பாலோருக்கு லேசாகத்தான். கடுமையானது 0.3 சதவீதம். கொரியாவில் கொஞ்சம் தாராளமாக, சிவந்த சிரைப்பாதை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிய இடத்தில் கால்வாசியைத் தொட்டது. அனுமதிக்கு முன்னால் நடந்த 222 பேர் ஆய்வில் 'சிரை அழற்சி' என்ற பெயரில் பசைக்காரர்களில் 20 சதவீதமும், ரேடியோ அலைக்காரர்களில் 14 சதவீதமும் பதிவானது. அந்த 20-ல் எத்தனை சாதாரண அழற்சி, எத்தனை ஒவ்வாமை என்று அன்றைக்கு யாரும் தனியாகப் பிரிக்கவில்லை. இந்தத் தொல்லைக்கென்று ஒரு பெயர் வைத்துப் பேச ஆரம்பித்ததே பிற்பாடுதான்.

சிவந்ததெல்லாம் பசை இல்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு காலில் எது வந்தாலும் பசையின் தலையில் போடுவதும் தப்பு, பசைதானே என்று சும்மா இருந்துவிடுவதும் தப்பு.

சிவப்பு சதுரமாகவோ நீள்சதுரமாகவோ, ஓரம் வெட்டினாற்போல இருந்தால் அது பிளாஸ்டர் ஒட்டிய தடம். கிருமிநாசினி தடவிய இடம் முழுக்க அரித்தால் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். இவை இரண்டும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வரும், சிரைப்பாதையைப் பின்பற்றாது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, வறண்டு, செதில் செதிலாக அரிப்பது, பல வருடமாகத் தேங்கிய ரத்தம் தந்த பழைய எக்ஸிமாவாக இருக்கலாம். சிகிச்சைக்கு முன்னாலேயே அது இருந்திருக்கும், நாம்தான் இப்போது காலை உற்றுப் பார்க்கிறோம்.

கிருமித் தொற்று வேறு மாதிரி. அரிப்பைவிட வலி அதிகம். காய்ச்சல், குளிர் நடுக்கம் வரலாம். சிவப்பு ஒரு கோட்டில் நிற்காமல் நாளுக்கு நாள் பரவும். பேனாவால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அடைத்த சிரை கயிறு போலத் தட்டுப்பட்டுத் தொட்டால் வலிப்பது சாதாரண சிரை அழற்சியாக இருக்கலாம், அதில் அரிப்பு பெரிதாக இருக்காது. இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது ஆழச்சிரையில் ரத்தம் உறைவது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, நடந்தால் வலித்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் வீட்டில் இருக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கூடச் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உடம்பெங்கும் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்தாலும் அப்படியே.

இன்னொன்று. வெள்ளைக்காரர்களின் தோலை வைத்து எழுதிய புத்தகங்களில் 'சிவப்பு' என்றுதான் இருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கறுப்பாக மட்டும் தெரியும். அதனால் கண்ணை நம்புவதைவிடக் கையை நம்புங்கள். புறங்கையால் தடவிப் பார்த்தால் சூடும் தடிப்பும் தெரியும். அழற்சி அடங்கிய பிறகும் கறுத்த பட்டை பல மாதம் தங்கலாம். அது நோய் திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை.

என்ன செய்வார்கள்

லேசாக இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை, வலியும் வீக்கமும் இருந்தால் இப்யூபுரோஃபென் வகை, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். பலருக்குச் சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தானாக அடங்கும். அதற்கு அடங்காவிட்டால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், பெரும்பாலோருக்கு அது நன்றாகவே கேட்கும். ஸ்டீராய்டு, இப்யூபுரோஃபென் இரண்டையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள் என்று கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஸ்டீராய்டு சர்க்கரையை எகிற வைக்கும். இப்யூபுரோஃபென் வகை சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு ஆகாது. வெரிகோஸ் வெயினோடு வரும் வயதில் இவற்றில் ஏதாவது ஒன்று பலருக்கு இருக்கும். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக் போட்டாலும் பயனில்லை. 'போட்டேன், ஒரு வாரத்தில் சரியாயிற்று' என்று சொல்பவர்களுக்கு, போடாமலே அந்த ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும்.

சரி, அரிப்பு தருவது பசை என்று தெரிந்துவிட்டது, எடுத்துவிட்டால் என்ன? இங்கேதான் இந்த ஒவ்வாமை கம்மல் ஒவ்வாமையிலிருந்து வேறுபடுகிறது. கம்மலைக் கழற்றிவிடலாம். பசை சிரைச் சுவரோடு ஒன்றிப்போய்விட்டது. உடம்பு அதை மிக மெதுவாகத்தான் அரித்துக் கரைக்கும், அதற்கு மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். பெரும்பாலோருக்கு டி செல்கள் அலுத்துப்போய் அடங்கிவிடும். அடங்காத மிகச் சிலருக்கு, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தும் கேட்காதபோது, பசையோடு சேர்த்து அந்தச் சிரையையே அறுத்து எடுக்க வேண்டி வந்திருக்கிறது. இன்னும் அபூர்வமாக, பல மாதம் கழித்துப் பசையைச் சுற்றிக் கட்டி போலத் திரண்டு, தோலில் ஓட்டை விழுந்து, பசைத் துணுக்கு வெளியே வந்த நோயாளிகளும் உண்டு. காலில் முள் ஏறி உள்ளேயே முறிந்துபோனால் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டி வெளியே தள்ளப் பார்க்குமே, அதே வேலைதான்.

சிகிச்சைக்கு முன்னால் சொல்ல வேண்டியது

கழற்ற முடியாத பொருள் என்பதால், கேள்விகளெல்லாம் உள்ளே போவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும். சயனோஅக்ரிலேட்டுக்கு முன்பு ஒவ்வாமை வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை செய்யவே கூடாது என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் நோயாளிக்குத் தான் அந்தப் பெயருள்ள பொருளைத் தொட்டதே தெரியாது. 'உங்களுக்கு ஏதாவது அலர்ஜி உண்டா?' என்று மருத்துவமனையில் கேட்டால், பெனிசிலின், கத்தரிக்காய், கருவாடு என்றுதான் யோசிப்போம். செயற்கை நகம் ஒட்டியபோது விரல் ஓரம் வெடித்ததையும், கல்யாணத்துக்கு இமை முடி ஒட்டியபோது கண் வீங்கியதையும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒட்டுப் பசைகள் பெரும்பாலும் இதே குடும்பம்தான். பியூட்டி பார்லரில் வேலை செய்பவர்கள், கல் நகைக்கும் கைவினைப் பொருளுக்கும் இன்ஸ்டன்ட் பசை ஒட்டுபவர்கள், முன்பு வெட்டுக்காயத்துக்குத் தையலுக்குப் பதில் பசை ஒட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் அதைத் தாங்களாகவே எடுத்துச் சொல்வது நல்லது. ஜெல் நெயில் பாலிஷில் இருப்பது வேறொரு கிளைப் பொருள். அதுவும் இதுவும் ஒன்றல்ல, இருந்தாலும் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்லிவிடுங்கள், முடிவு செய்வது மருத்துவர் வேலை.

பசை வேண்டாம் என்று முடிவானால் வழி அடைபட்டுவிடவில்லை. லேசரும் ரேடியோ அலையும் உள்ளே எதையும் விட்டுவிட்டு வருவதில்லை. ஊசிகள் சில கூடும், காலுறை சில நாள் போட வேண்டியிருக்கும். சிரை மேலாக ஓடும் ஒல்லியான கால் என்றால் இதையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்: என் சிரை தோலிலிருந்து எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது? டாப்ளரில் அவர் ஏற்கெனவே அதைப் பார்த்திருப்பார்.

இரண்டு காலிலும் பிரச்சினை இருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். முதல் காலில் அரிப்பும் பட்டையும் வந்திருந்தால், அது சின்னதாகத்தான் இருந்தது, மாத்திரையிலேயே போய்விட்டது என்று மறைக்காமல், இரண்டாவது காலுக்குத் தேதி குறிக்கும் முன் சொல்லிவிடுங்கள். டி செல் படை இப்போது தயாராக இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் பசையின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு மருத்துவர், நெற்றியில் பட்ட வெட்டுக்கு 'தையல் வேண்டாம், ஒட்டிவிடலாம்' என்று சின்னப் பசைக் குழாயை எடுக்கும்போது, அவரிடம் காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.